வெளியே சொல்லாத மூன்று மாதம்

மாண்ட்ரியலில் போய் இறங்கிய அன்றே எனக்கு வாந்தி. விமானத்தில் கொடுத்த சாப்பாடு சேரவில்லை என்றார் என் கணவர். அவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மாணவர். எந்த உலோகம் எந்தச் சூட்டில் வளையும், எப்போது உடையும் என்றெல்லாம் கரைத்துக் குடித்தவர். கட்டிக்கொண்டு வந்தவளுக்கு ஏன் ஒரு வாரமாக வாந்தி நிற்கவில்லை என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. மே மாதம் திருச்சியில் கல்யாணம், ஜூலையில் கனடா. கிளம்பும் அவசரத்தில் நாள் தள்ளிப் போனதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

எங்கள் வீடு வில்லரே என்ற பகுதியில், மூன்றாவது மாடியில் இருந்தது. அந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து, இரும்பில் வளைத்து வைத்திருப்பார்கள். அந்தப் படியில் இறங்கிப் போய் மருந்துக்கடையில் சோதனைக் குச்சி வாங்கி வந்தோம். இரண்டு கோடு விழுந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்துவிட்டு, பிறகுதான் சிரித்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். கொஞ்சம் பயமும் இருந்தது.

தெருமுனைக் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முதலில் பெருமாளுக்கு நன்றி சொன்னாள். அடுத்த மூச்சிலேயே கட்டளை பிறந்தது.

"மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாத. வெள்ளைக்காரங்களுக்குத் தெரிஞ்சா பரவால்ல, அவங்க கண்ணு படாது. நம்ம ஆளுங்க யார்கிட்டயும் மூச்சு விடாத."

நான் வேதியியலில் முதுகலை படித்தவள். கண்படுவது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக அம்மா பேச்சை மீறி ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் காலம் முழுக்க யார் கேட்டுக்கொண்டிருப்பது? நம்பிக்கையும் இல்லை, மீறத் துணிச்சலும் இல்லை. என் தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான். சரிம்மா என்றேன்.

அதே வாரத்தில்தான் காப்பீட்டு விவகாரம் வந்து சேர்ந்தது. என் கணவரின் படிப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். மாணவனுக்கும் அவனுடன் வந்து தங்கும் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று காட்டினால்தான் கியூபெக் அரசு அனுமதிக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அரசாங்கமே அட்டை கொடுத்திருந்தது. சூரியன் படம் போட்டது என்பதால் அதற்கு 'சூரிய அட்டை' என்றே பெயர். இந்தியாவிலிருந்து படிக்கப் போன எங்களுக்கு அந்தச் சூரியன் உதிக்கவில்லை. என் கணவருக்குப் பல்கலைக்கழகமே கட்டாயக் காப்பீடு போட்டிருந்தது. என்னையும் அதில் சேர்க்கலாம், ஆனால் நான் வந்த முதல் மாதத்துக்குள் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வெளியே தனியாரிடம் வாங்கிக்கொள்ளலாம். அது மலிவு.

அவர் இரண்டு திட்டங்களின் விளம்பரத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆராய்ச்சிக்கூடத்தில் செய்வது போலவே கட்டம் போட்டு ஒப்பிட்டார். அவசர சிகிச்சை, இரண்டிலும் உண்டு. மருந்து, இரண்டிலும் உண்டு. மகப்பேறு, இரண்டிலும் உண்டு. கட்டத்தில் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது விலை குறைந்ததைத்தானே எவரும் எடுப்பார்கள்? அதை விற்பவரும் நம் ஆள், யாழ்ப்பாணத்துக்காரர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருந்த முருகன் கோயிலில் என் கணவருக்குப் பழக்கமானவர். அவசரத்துக்கு ஏர்போர்ட்டுக்குக் கூடக் கார் எடுத்து வருவார். எல்லாரும் அவரை அண்ணை என்பார்கள். நாங்கள் அண்ணா என்றோம்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, வீட்டில் செய்த மீன் கட்லட் ஒரு டப்பா நிறைய. மூடியைத் திறந்ததும் எனக்கு உலகம் சுற்றியது. நான் திருச்சி மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள், மீன் வாசனைக்கு முகம் சுளித்ததில்லை. அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றேன். வெயிலாக இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

அண்ணன் தாள்களைப் பரப்பினார். "இது ஒரு சின்ன விசயம் தம்பி. அரசாங்கத்துக்குக் காட்ட ஒரு கடிதம் வேணும், அவ்வளவுதான். நான் ரெண்டு நாளிலை எடுத்துத் தாறன்." பிறகு என் பக்கம் திரும்பாமல் என் கணவரிடமே கேட்டார். "தங்கச்சிக்கு பிறசர், சுகர், ஆஸ்மா ஏதும் இருக்கோ?"

"ஒண்ணும் இல்லண்ணா," என்றார் என் கணவர். நான் அந்த அறையில்தான் இருந்தேன். எனக்கு என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணன் விதிகளைப் படித்து விளக்கிக்கொண்டே வந்தார். பல்லுக்கு எவ்வளவு, கண்ணாடிக்கு உண்டா இல்லையா, பனியில் வழுக்கி விழுந்தால் என்ன. ஒரு பக்கம் வந்தபோது தொண்டையைச் செருமினார். "இது மற்ற பகுதி... பொம்பிளையளின்ரை விசயம். பேந்து ஆறுதலா வாசியுங்கோ," என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார்.

என் கணவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். அம்மாவின் கட்டளையையும் மீறாமல், விஷயத்தையும் தெரிந்துகொள்ளும்படி ஒரு கேள்வி கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது மிகவும் சாமர்த்தியமான கேள்வி.

"அண்ணா, பின்னாடி எப்பவாவது குழந்தை கிழந்தைன்னு ஆச்சுன்னா, இதுல வருமா?"

"ஓம் ஓம். அதுக்கும் குடுப்பினம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்று சிரித்தார் அண்ணன். பின்னால் எப்போதாவது என்று கேட்டவருக்கு, பின்னால் எப்போதாவது என்பதற்கான சரியான பதில். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கிளம்பும்போது நான் தொடாமல் வைத்திருந்த தட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வருகிறவர் போலத் தயங்கிவிட்டு, "அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை," என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடிதம் வந்தது. அனுமதிக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. ஒரு வேலை முடிந்த நிம்மதி. நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கோடையைக் கழித்தேன். கோயிலுக்குப் போனால் தூணோரமாக நின்றேன். அங்கே அந்த அண்ணனின் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு, கேட்காமலேயே தன் வீட்டு ஊறுகாய் ஒரு போத்தல் கொடுத்தார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அது ஏன் ஊறுகாயாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று அம்மா உத்தரவை விலக்கிக்கொண்டாள். இனி சொல்லலாம், டாக்டரிடமும் போகலாம். கோத்-தே-நேஜ் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிப் போனோம். ஸ்கேன் செய்த அறை இருட்டாக இருந்தது. திரையில் ஒரு தலை, ஒரு முதுகு, படபடவென்று அடித்துக்கொள்ளும் ஒரு புள்ளி. என் கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் பெண் மருத்துவர். அந்த அறையிலிருந்து முகப்பு மேசைக்கு நடந்து வந்த அந்த வராந்தாவில்தான் நான் மாண்ட்ரியலில் முழுதாக சந்தோஷமாக இருந்தேன்.

முகப்பில் இருந்த பெண் சூரிய அட்டையைக் கேட்டாள். இல்லை என்று காப்பீட்டு அட்டையைக் கொடுத்தோம். அவள் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். பிரெஞ்சில் நீண்ட நேரம் பேசினாள். பிறகு எங்களிடம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். காப்பீடு தொடங்கிய பிறகு தரித்த கருவுக்குத்தான் மகப்பேறுச் செலவு கிடைக்கும். மருத்துவர் குறித்திருக்கும் தேதிப்படி உங்கள் கரு அதற்கு முந்தியது. ஆகவே பிரசவம் முழுவதும் உங்கள் பொறுப்பு. குழந்தைக்கு ஏதாவது சிக்கல் வந்து ஆஸ்பத்திரியிலேயே வைக்க வேண்டியிருந்தால் அதுவும். முன்பணம் இவ்வளவு. அந்தத் தொகையைக் கேட்ட என் கணவர் மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள். மாறவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தோம். அண்ணன் சேர்த்துப் புரட்டிய இரண்டு பக்கங்களுக்கு நடுவில், பல் மருத்துவத்துக்கும் பயணச் செலவுக்கும் இடையில், தெளிவான ஆங்கிலத்தில் இருந்தது. பொடி எழுத்துக்கூட இல்லை. ஆறுதலாக, அதாவது நிதானமாக, வாசியுங்கோ என்று அவர் சொன்னார். நாங்கள் வாசிக்கவில்லை. நம் ஆள் சொன்னால் போதாதா?

என் கணவர் ஃபோனில் சொன்னதைக் கேட்டு மறுநாளே அண்ணன் ஓடி வந்தார். இந்தத் தடவை டப்பா எதுவும் இல்லை. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று காலையிலிருந்து தயாராக இருந்தேன். அந்த உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"எனக்கு அண்டைக்கே ஒரு ஐமிச்சம் இருந்தது பிள்ளை," என்றார். "கட்லட்டைக் கண்டிட்டு நீங்கள் எழும்பிப் போன விதம். வீட்டை போய் மனிசிக்கும் சொன்னனான். அவவும் கோயிலிலை பாத்திட்டு ஓம் எண்டுதான் சொன்னவ. ஆனா புதுசாக் கலியாணம் கட்டின பிள்ளையிட்டை ஒரு ஆம்பிளை எப்பிடி வாய் விட்டுக் கேக்கிறது? நீங்களாச் சொல்லாமல் நாங்கள் கேக்கக் கூடாது எல்லே?"

"சொல்லியிருந்தா என்னண்ணா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார் என் கணவர்.

"யுனிவர்சிட்டியின்ரை பிளானிலை போடச் சொல்லியிருப்பன் தம்பி. அதிலை இந்தக் கொண்டிசன் இல்லை. முதல் மாசத்துக்குள்ளை போட்டால் வயித்திலை இருக்கிறதுக்கும் குடுப்பினம். எனக்குக் கொமிசன் வராது. வராட்டி என்ன?"

எங்களுக்குத் தெரியாமல் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, கோயிலில் பாதிப் பெண்களுக்கும் தெரிந்திருக்கும். கண்படக்கூடாது என்று மூடி வைத்த விஷயம் ஊறுகாய் போத்தல் வரைக்கும் போயிருக்கிறது. தெரிய வேண்டிய ஒரே இடத்தில், அந்த மேசையில், நாங்கள் அம்மா பேச்சுக்காகச் சொல்லவில்லை. அவர் மரியாதைக்குக் கேட்கவில்லை. வெள்ளைக்கார ஏஜென்ட் ஒருவன் வந்திருந்தால் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக அதைக் கேட்டிருப்பான். அம்மா கணக்கில் அவனிடம் சொன்னாலும் குற்றமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாததால் தேநீர் போட உள்ளே போனேன்.

அதன் பிறகு ஒரு மாதம் ஓடினோம். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதல் மாதம் முடிந்துவிட்டது, விதி விதிதான் என்றார். காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதினோம்; வருந்துகிறோம் என்று பதில் வந்தது. என் கணவர் அந்தப் பெண் மருத்துவரிடம் போய், கரு தரித்த தேதி சில வாரம் முன்னே பின்னே இருக்கலாம் அல்லவா, அளவில் பிழை என்பது எல்லாவற்றிலும் உண்டு அல்லவா என்று கேட்டார். மயிரிழை அளவு பிசகினாலும் முதலிலிருந்து சோதனையைத் தொடங்குகிற மனிதர். அளவில் பிழை இருக்கட்டும் என்று ஒருவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மருத்துவர் அவரையே பார்த்தார். ஸ்கேனில் வந்த குழந்தையின் அளவு இது, நான் மாற்ற முடியாது என்றார். என் கணவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். எனக்கு அவரை அந்த நிலையில் பார்த்தது, அந்த மேசைப் பெண் தொகையைச் சொன்னதைவிட வலித்தது.

நகையை விற்கலாம் என்றேன். முன்பணத்துக்குப் போதும், சிக்கல் வந்தால் போதாது என்றார். சிக்கல் ஏன் வரவேண்டும் என்றேன். வராது என்று யார் எழுதித் தருவார்கள் என்றார். அப்படி நாங்கள் திரும்பத் திரும்பப் பேசிய பேச்சுக்கு நடுவில் அம்மா ஃபோனில் எளிதாக முடித்துவிட்டாள். "இதுக்கு ஏன்டி இவ்ளோ அழுகை? தலைப்பிரசவம் தாய் வீட்லதானே? கெளம்பி வா."

அது உண்மைதான். ஊரிலேயே இருந்திருந்தாலும் எங்கள் வழக்கப்படி அம்மா வீட்டுக்குத்தான் வந்திருப்பேன். ஆனால் நான் அதற்குள் மாண்ட்ரியலில் ஒரு பிரசவத்தை மனதில் நடத்திப் பார்த்துவிட்டேன். அங்கே கணவன் உள்ளே வரலாம். கையைப் பிடித்துக்கொண்டு கூட நிற்கலாம். எங்கள் ஊரில் அப்போது ஆண்கள் வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அவர் உள்ளே நிற்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. ஆஸ்பத்திரி செலவுக்குப் பயந்து ஊருக்குப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அழுதது அதற்கல்ல.

அவரால் என்னுடன் வர முடியாது. புதுப்பித்த அனுமதி இன்னும் கைக்கு வரவில்லை. இடையில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப நுழைய புதிதாக விசா வாங்க வேண்டும். கிடைக்காமல் போனால் நாலு வருட உழைப்பு அம்போ. என்னை அங்கே இருக்க அனுமதிப்பதற்காகக் கேட்ட காப்பீடுதான் என்னைக் கிளப்பியது, அவரை இருக்கச் சொன்ன அனுமதிதான் அவரை நகரவிடாமல் கட்டிப்போட்டது. இதில் யாரைத் திட்டுவது? திட்ட ஒரு ஆள் இருந்திருந்தால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாரும் நல்லவர்களாக, வருந்துகிறவர்களாக இருந்தார்கள்.

வயிறு பெரிதாகி விமானக் கம்பெனி ஏற்ற மறுப்பதற்குள் போய்விட வேண்டும் என்று நவம்பர் கடைசியில் கிளம்பினேன். முதல் பனி விழுந்திருந்தது. அண்ணன்தான் காரில் கொண்டுபோய் விட்டார். வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்கள் உடுத்த உடுப்போடை வந்து இறங்கினனாங்கள் பிள்ளை. அகதி எண்டு சொன்னதும் எங்கடை மனிசிக்கு இஞ்சை பிள்ளைப்பேறு பாத்தவங்கள், ஒரு சதம் கேக்கேல்லை. நீங்கள் படிச்ச ஆக்கள், முறையா விசா எடுத்து வந்த ஆக்கள். உங்களை அனுப்புறாங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை." எங்களுக்கும் விளங்கவில்லை. அவர் பட்டதை நினைத்தால் பொறாமைப்படவும் வாய் வரவில்லை.

விமான நிலையத்தில் என் கணவர் என் கோட்டின் பொத்தானைப் போட்டுவிட்டார். அது வயிற்றுக்கு மேல் எட்டவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சீக்கிரம் வந்துடு என்றார். என் கையில் இருக்கிற விஷயமா அது?

மாசியில் பையன் பிறந்தான். எந்தச் சிக்கலும் இல்லை. அம்மா வீட்டுத் தெரு நர்சிங் ஹோமிலேயே சுலபமாகப் பிறந்தான். அவர் ஃபோனில் ஒவ்வொரு நாளும் கேட்டார். இன்னைக்கு என்ன பண்ணான்? நானும் சொன்னேன். சிரித்தான், குப்புற விழுந்தான், நீந்தினான். மின்னஞ்சலில் படம் அனுப்ப என் தம்பி வாரத்துக்கு ஒரு முறை இன்டர்நெட் கடைக்குப் போனான். பிறகு பையனுக்குப் பாஸ்போர்ட், பையனுக்கு விசா, அந்த விசாவுக்குப் பையன் பெயரில் ஒரு காப்பீடு. இந்தத் தடவை பல்கலைக்கழகத் திட்டம்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தைத் தின்றது.

திரும்பிப் போனபோது பையன் தவழ ஆரம்பித்துவிட்டான். விமானத்தில் என் மடியில் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. சோதனையெல்லாம் முடிந்து கண்ணாடிக் கதவு திறந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். ஒரு கை கீழே, ஒரு கை மேலே தலையைத் தாங்கும்படி குழிந்து, பிறந்து சில மணி நேரமான குழந்தையை நர்ஸ் கொடுத்தால் எப்படி வாங்குவார்களோ அப்படி.

பையன் அந்தக் கைகளைப் பார்த்தான். என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீலென்று கத்தினான். அவர் கையை மடக்கவில்லை.

"எப்படிப் பிடிக்கணும்? கழுத்து..." என்றார்.

"கழுத்தெல்லாம் நின்னு ரொம்ப நாளாச்சுங்க," என்றேன். "சும்மா தூக்குங்க."